வள்ளல் கை காட்டினால்

எங்கள் டிப்போவில் அவருக்கு வள்ளல் என்று பெயர். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். யார் குறுக்கே வந்தாலும் வழியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆள் என்று மற்ற ஓட்டுநர்கள் செய்த கேலி அது. அவருடைய பேருந்தில் நான் கண்டக்டர். வழிவிடுவது அவர், பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

எங்கள் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேசினால் வாய்தான் வலிக்கும். சிவப்பு விழுந்த பிறகும் ஒரு கார் சந்திப்பின் நடுவில் மூக்கை நுழைத்து நிற்கும். நாலு பக்கமும் அடைத்துக்கொள்ளும். அடைத்தவனே முதலில் ஹாரன் அடிப்பான். டாக்சிக்காரர் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஊர்வலம் போகிற வேகத்தில் போவார். அவரை முந்த ஒருவன் எதிர்ப்பக்கம் ஏறுவான், எதிரே வருகிறவன் பிரேக் அடிப்பான், அவனுக்குப் பின்னால் ஒரு தெருவே நின்றுபோகும். பைக்காரர்களுக்கோ சந்து கிடைத்தால் போதும். பேருந்து நின்றால் ஏன் நின்றது என்று ஒருவனும் யோசிப்பதில்லை.

இந்தக் கூட்டத்தில் வள்ளல் முன்வண்டிக்கும் தனக்கும் நடுவே இடம் விட்டு ஓட்டுவார். உடனே ஒருவன் அதில் புகுவான். இவர் வேகத்தைக் குறைத்து மறுபடியும் இடம் விடுவார்.

"அண்ணே, இப்படியே போனா நாம கிளம்பின இடத்துக்கே போய்ச் சேருவோம்" என்பேன்.

"அவனுக்கு என்ன அவசரமோ, விடு தம்பி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைத்தெரு முனையில் தினமும் காலையில் ஒரு தையற்காரம்மா சாப்பாட்டுப் பையோடு நிற்பார். அவர் வேலை செய்யும் கடை எதிர்ப்பக்கம். சாலையைக் கடக்க அங்கே கோடு போட்டிருக்கிறது. கோட்டை மதிக்கிறவன்தான் கிடையாது. வள்ளல் நிறுத்துவார், கண்ணாடியில் பின்னால் பார்ப்பார், வாங்கம்மா என்று கை காட்டுவார். பல வருடம் இது நடந்தது. ஆரம்பத்தில் அந்தம்மா இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் கடந்தார். போகப் போகப் பார்ப்பதை விட்டுவிட்டார். வள்ளலின் கை எழுந்தால் போதும், விறுவிறுவென்று இறங்கிவிடுவார்.

அன்றைக்கும் வள்ளல் வண்டியை நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தார். பக்கத்து வழி காலியாகத்தான் இருந்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார், நான் நம்புகிறேன். கை காட்டினார். எங்களுக்குப் பின்னால் நின்ற லாரியின் மறைவிலிருந்து ஒரு பைக் கிளம்பி எங்களை முந்திக்கொண்டு வந்தது. பேருந்தைத் தாண்டி அந்தம்மா ஓரடிதான் வைத்திருப்பார். அந்தச் சத்தத்தை நான் சொல்ல விரும்பவில்லை.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. பைக்காரன் பிடிபட்டான். வள்ளல் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். மேலாளர் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். தப்பு என்று சொல்லித் தண்டனை கொடுத்திருந்தால் மனிதர் கொஞ்சம் தேறியிருப்பார்.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். கட்டிலருகே அந்தம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"கை காட்டினது நீங்கதானே?" என்று கேட்டார். வள்ளல் தலையை ஆட்டினார்.

"இனிமே இவளால தையல் மிஷின் மிதிக்க முடியாதாம்."

அந்தம்மா படுத்தபடியே, "அவரை ஏங்க சொல்றீங்க? இத்தனை வருஷத்துல எனக்காக வண்டிய நிறுத்தினது அவர் ஒருத்தர்தான்" என்றார்.

மகராசி, ரெண்டு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். வெளியே வந்ததும் வள்ளல் மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அதன் பிறகு அவர் ஓட்டிய விதமே வேறு. முன்வண்டியை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போனார். யாருக்கும் வழியில்லை. "இப்பதான் வண்டி வண்டியா ஓடுது" என்று பயணிகளுக்கு வாயெல்லாம் பல். வள்ளல் என்ற பெயரை டிப்போவில் மெல்ல மறந்துபோனார்கள். இத்தனை நாள் அவரை விரட்டிக்கொண்டிருந்த எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கடைத்தெரு முனையில் அந்தம்மா ஊன்றுகோலோடு நின்றார். பட்டன் தைக்கவாவது கடையில் கூப்பிட்டிருப்பார்கள் போலும். எங்கள் பேருந்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வேறு எந்தப் பக்கமும் பார்க்காமல் ஒரு காலைச் சாலையில் இறக்கினார்.

வள்ளல் ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். அந்தம்மா திடுக்கிட்டு, தடுமாறி, நடைபாதைக்கே ஏறிக்கொண்டார். நாங்கள் கடந்து போனோம்.

"அண்ணே, அந்தம்மா!"

"தெரியுது."

"நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தினா நம்பி இறங்கிடுவாங்க தம்பி. என்னை நம்பினா செத்துப்போயிடுவாங்க."

நான் கடைசி இருக்கைக்கு ஓடிப்போய்ப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த எந்த வண்டியும் நிற்கவில்லை.