மூடியில் எழுதிய பெயர்

வைரஸுக்குப் பெயர் வைக்க நாங்கள் அப்போது பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எந்தப் பூச்சியில் கிடைத்ததோ அந்தப் பூச்சியின் பெயர்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மதுரைக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் இதுதான் என் வேலை. பருத்திக் காடுகளில் நோய் கண்டு தலைகீழாகத் தொங்கும் புழுக்களைப் பொறுக்கி வந்து, அவற்றிலுள்ள வைரஸை வகை பிரித்து வைப்பேன். குடியிருந்தது விளாங்குடியில். வீட்டுக்காரர் கேட்டால் 'ரிசர்ச்' என்று சொல்லி முடித்துவிடுவேன். புழு என்றால் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வைரஸ் தாக்கிச் செத்த புழு சீக்கிரமே கறுத்துக் கூழாகிவிடும். அப்புறம் அது எந்தப் புழு என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பளபளவென்று வைரஸ் பொதிந்த படிகங்கள் தெரியும். அவையும் பார்வைக்கு ஒரே மாதிரி. அதனால் புழு உயிரோடு இருக்கும்போதே டப்பாவில் பெயர் எழுதிவிட வேண்டும். நானும் எழுதினேன். டப்பாவில் அல்ல, மூடியில்.

ஒரு நாள் காய்ப்புழு டப்பாக்களையும் வெட்டுப்புழு டப்பாக்களையும் சேர்த்துத் திறந்து வைத்துத் தீனி மாற்றினேன். மூடிகள் இடம் மாறியதைக் கவனிக்கவில்லை.

வைரஸால் செத்த காய்ப்புழுவைக் கரைத்துத் தெளித்தால் வயலில் இருக்கும் காய்ப்புழுவும் சாகும், விஷ மருந்து தேவையில்லை. இதைத் தன் காட்டில் சோதித்துப் பார்க்கத் திருவாதவூர் விவசாயி ஒருவர் முன்வந்தார். கடை மருந்தையே அடிக்கலாம் என்ற மனைவியின் பேச்சைத் தட்டிவிட்டு, காய்ப்புழு மூடி போட்ட டப்பாக்களில் செத்ததைக் கரைத்து நான் கொடுத்த பாட்டிலை வாங்கிப் போனார்.

பத்து நாள் கழித்து ஆய்வகத்துக்கு வந்தார். பை நிறைய ஓட்டை விழுந்த காய்கள்.

"ஒரு புழுகூட சாகல சார். தப்பு என்னோடதுதான். பொழுது சாஞ்சு அடிக்கச் சொன்னீக. நான் வெயில் இருக்கையிலயே ஆரம்பிச்சுட்டேன். வெயில்ல வீரியம் போயிருச்சு போல."

"இருக்கலாம்ணே" என்றேன். அவராகவே பழியை ஏற்றுக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் மனம் உறுத்தியது. வெயிலில் வீரியம் குறைந்தாலும் நாலு புழுவாவது செத்திருக்க வேண்டும். மிச்சமிருந்த கரைசலை இரண்டு வகைப் புழுக்களுக்கும் தீனியில் தடவிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வெட்டுப்புழுக்கள் எல்லாம் செத்துத் தொங்கின. காய்ப்புழுக்கள் கொழுகொழுவென்று தின்றுகொண்டிருந்தன. ஒன்றின் வைரஸ் மற்றதை ஒன்றும் செய்யாது. நான் கொடுத்தனுப்பியது வேறு புழுவின் வைரஸ்.

மறுநாளே திருவாதவூருக்கு பஸ் ஏறினேன். காட்டில் மிஞ்சிய பருத்தியை எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நல்ல திட்டு விழும் என்று காத்து நின்றேன்.

"அப்ப என் மேல தப்பு இல்லையா சார்?"

"இல்லண்ணே. எல்லாம் நான் பண்ணுன தப்பு."

"அப்ப வீட்டுல வந்து இத ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவர் மனைவி வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். மூடி மாறிய கதையை அவரிடம் முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்தபின் அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார்.

"இம்புட்டு நாளா நான் இவருகூடப் பேசவே இல்ல சார்" என்றார்.