மேஜைமேல் கட்டிய பாலம்

கெட்டவன் கெடுத்தால் நாலு திட்டுத் திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். நல்லவர்கள் கூடிக் கெடுத்தால் யாரிடம் போய் முறையிடுவது? என் அண்ணன் விஷயத்தில் அதுதான் நடந்தது.

அண்ணன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன். பாதி ஆள்தான் வந்தான். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறான். அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே வீட்டில் இருக்கும் தங்கச்சி நான்; அவன் தூக்கத்தில் அலறுவதை நானும்தான் கேட்கிறேன்.

அவனுக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சைக்கிள் கடை மாடியில் பொம்மை ரயில் சங்கம் ஒன்று உண்டு. தலை நரைத்த ஆண்கள் பெரிய மேஜைமேல் தண்டவாளம் போட்டு, பஞ்சில் மரம் செய்து, ரயில் ஓட்டுவார்கள். பேரன் எடுக்கிற வயசில் 'கூ' விளையாட்டா என்று நான் கிண்டல் பண்ணுவேன். அங்கே அவன் பெயர் 'கார்டு'. பச்சைக் கொடி காட்டுவது அவன் வேலை. சண்டையைப் பற்றி அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

சங்கத் தலைவர் பல் டாக்டர். தங்கமான மனுஷன். மனசு உடைந்த பட்டாளத்துக்காரர்களின் வைத்தியத்துக்காகக் கண்காட்சி வைத்துப் பணம் திரட்டலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். அண்ணன் ஒருநாள் தன்னை மறந்து அவரிடம் ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவன் கூட்டாளிகள் செத்த பாலம். அந்தச் சங்கத்துக்காரர்களுக்கு எதையும் அளவு பிசகாமல் செய்வதுதான் மரியாதை. அண்ணனுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, பழைய படங்களைத் தேடிப் பிடித்து, பல்லைத் துளைக்கிற கருவியால் தூண் தூணாகச் செதுக்கி, அந்தப் பாலத்தையே மேஜைமேல் கட்டிவிட்டார்கள். இடிந்த கைப்பிடிச் சுவர்கூட அப்படியே இருந்தது.

கண்காட்சியன்று கூட்டத்துக்கு முன்னால் மூடியிருந்த துணியை விலக்கினார்கள்.

"கார்டு, கொடியைக் காட்டுங்க! உங்களுக்காகத்தான் செஞ்சோம்" என்றார் டாக்டர்.

அண்ணன் கொடியைத் தூக்கவில்லை. "ரயில் வேணாம் சார். அதுமேல ஆளுங்க இருக்காங்க" என்றான்.

ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள். உண்டியல் நிரம்பியது. டாக்டரைத் திட்டவும் வழியில்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அண்ணன் அந்த மாடிப்படி ஏறவில்லை. பாலத்தைப் பிரித்துவிட்டோம், வாங்க என்று டாக்டர் வீடு தேடி வந்து கெஞ்சினார்.

"பிரிச்சாலும் அது இருந்த இடம் எனக்குத் தெரியும் சார்" என்றான்.

திரட்டிய பணத்தில் முதல் வைத்தியம் அவனுக்கே கிடைத்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மனநல மருத்துவர் சின்ன வயசுப் பெண். அன்பாகத்தான் கேட்டாள்.

"கண்ணை மூடிக்கோங்க. உங்களுக்கு நிம்மதியா இருக்கிற ஒரு இடத்தை நெனைச்சுக்கோங்க. எந்த இடம் வருது?"

அண்ணன் கண்ணை மூடவேயில்லை.

"ஒண்ணு இருந்துச்சும்மா" என்றான்.