கோழிக்கு இடது பக்கம்

“முதல்ல காட்டினதா, இப்பக் காட்டுறதா?” என்று கேட்டபடி அத்தான் என் மூக்குக்கு நேரே இன்னொரு எலுமிச்சைத் தோலை நீட்டுகிறார். இரண்டும் ஒரே கடையில், ஒரே கூடையிலிருந்து பொறுக்கிய எலுமிச்சைகள். ஒன்று நேற்றுத் துருவியது, மற்றது இப்போது துருவியது. எதில் வாசனை தூக்கலாக இருக்கிறது என்று நான் சொல்லியாக வேண்டும். “ரெண்டும் ஒண்ணுதான் அத்தான்” என்றால் ஆளை விடமாட்டார். “அவசரமே இல்ல பாப்பா. கண்ணை மூடிக்க. மறுபடியும் காட்டுறேன்” என்பார். எனக்குத் தலை நரைத்துவிட்டது. மகனுக்குக் கல்யாணமாகி நானே ஒருத்திக்கு மாமியாராகிவிட்டேன். அக்கா வீட்டுக்காரருக்கு மட்டும் நான் இன்னும் பாப்பாதான்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சாவி வெட்டுகிறவருக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு இருட்டறை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று பொழுதன்றைக்கும் கேட்பதுதான் பிழைப்பு. கடையைப் பூட்டினாலும் அந்தக் கேள்வியைப் பூட்ட அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் தலையணையைக் கொடுத்து “இதுவா, அதுவா?” என்பார். குடை விரித்து “இந்தக் கம்பியா, அந்தக் கம்பியா?” என்பார். ஒருமுறை அவரோடு ஜன்னல் திரை வாங்கப் போயிருந்தபோது, கடைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே பாதிக் கதவை இறக்கிய அவமானம் எனக்குத்தான் தெரியும். அவர் வாழ்க்கையில் இன்னொன்றைக் காட்டச் சொல்லாமல் சட்டென்று தலையாட்டியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது என் அக்கா.

அக்கா கணக்கு டீச்சர். அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நல்ல சாப்பாட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிப்பதற்குள் எந்த டீச்சர் டப்பாவில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகிற போக்கில் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி இல்லை, அடைப்பு இல்லை, மூச்சு ஒழுங்காகத்தான் போய் வருகிறது, வாசனை மட்டும் இல்லை. கெட்டுப்போன பாலை ஒரு டம்ளர் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். அடுப்பில் ரொட்டி கருகி, புகை மாடிப்படியில் இறங்கி, கீழ் வீட்டிலிருந்து நான் ஓடி வந்து பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய சங்கடம், சாப்பாடு இறங்கவில்லை. நாக்குக்கு உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, அவ்வளவுதான். “எல்லாமே நனைஞ்ச அட்டை மாதிரி இருக்குடி. அட்டையை எவ்வளவு நாள்தான் மெல்லுவே, சொல்லு” என்பாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. மோதிரம் விரலில் நிற்காமல் கழற்றி வைத்துவிட்டாள். மூக்கு டாக்டரைக் கேட்டால், “வந்தாலும் வரும், வராமலும் போகலாம். பழக்கமான வாசனைகளை அடிக்கடி மோந்து பார்க்கச் சொல்லுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் அத்தானிடம் சொல்லியிருக்கவே கூடாது. அதன் பலனை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அனுபவிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஓவனில் முழுக்கோழி வாட்டுகிறார். பேப்பர் கட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்காவை ஒரு காலத்தில் எழுப்பிக் கொண்டுவந்தது அந்த வாசனை ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. சரி, வாட்டட்டும். மனிதர் மாதிரி வாட்டக்கூடாதா? கண்ணாடி துடைக்கிற மெத்தென்ற துணியால் கோழியின் ஈரத்தை ஒற்றி எடுப்பார். மூக்குக்கண்ணாடித் திருகாணியைப் பிடிக்கிற குட்டி இடுக்கியால் மிச்சமிருக்கிற இறகுக் குருத்துகளை ஒன்றொன்றாகப் பிடுங்குவார். அது முடிவதற்குள் எனக்குப் பசித்து அடங்கிவிடும். பிறகு தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை விட்டு, கிழியாமல் தளர்த்தி, ஒரு பாதியில் எலுமிச்சைத் தோலும் பூண்டும் வெண்ணெயும், மறுபாதியில் ஆரஞ்சுத் தோலும் பூண்டும் வெண்ணெயும் தடவுவார். ஒரே கோழி, இரண்டு பக்கம். அப்போதுதானே “இதுவா, அதுவா?” என்று கேட்க முடியும்?

இங்கேதான் கூத்து. எந்தப் பாதியில் எது என்பது கோழியைத் திருப்பியதும் அவருக்கு மறந்துவிடும். “இடது பக்கம் எலுமிச்சை” என்று என்னை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வார். “யாருக்கு இடது? உங்களுக்கா, எனக்கா?” என்றால், “கோழிக்கு இடது, பாப்பா. கண்ணு பாக்கும்போது எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க இடதைத்தான் எழுதணும்” என்று பாடம் நடத்துவார். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை இருக்கும். தலையில்லாமல் மல்லாந்து கிடக்கிற கோழிக்கு எது இடது என்று நானும் அவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் ஓவன் வெறுமனே சூடேறிக்கொண்டிருக்கும். கடைசியில் எலுமிச்சைக் காலில் ஒரு வெள்ளை நூலைக் கட்டச் சொன்னேன். இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

காய்கள் வேறு. குளிர் தொடங்கினால் சந்தையில் மண்ணோடு வந்து குவிகிற காரட், பீட்ரூட், டர்னிப், முழு வெங்காயம் எல்லாவற்றையும் வில்லையின் விட்டம் அளக்கிற அளவுகோலை வைத்து ஒரே அளவாக நறுக்கி, கோழியைச் சுற்றி அடுக்குவார். பூண்டை முழுசு முழுசாக நடுநடுவே செருகுவார். அளவு ஒன்றாக இருந்து என்ன செய்ய? காரட் கருகும்போது டர்னிப் கல்லாக நிற்கும். ஒவ்வொரு வாரமும் நிற்கும். சொன்னால் கேட்க மாட்டார்.

இப்படித் தயாராகும் கோழியை வெட்டி, மேஜையில் அக்காவை உட்காரவைத்து, தான் பக்கத்தில் நின்றுகொள்வார். நின்றுகொண்டுதான் கேட்பார். ஒரு முள்கரண்டியில் ஒரு துண்டு. “இது?” அடுத்த கரண்டியில் அடுத்த துண்டு. “இப்ப இது? முதல்ல கொடுத்ததா, இப்பக் கொடுத்ததா? அவசரமே இல்ல டீச்சர், நிதானமா சொல்லு.” அக்கா மெல்லுவாள். ஜன்னலைப் பார்ப்பாள். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குங்க” என்பாள். அவர் முகம் விழும். உடனே தூக்கி நிறுத்திக்கொண்டு, “பரவாயில்ல, அடுத்த வாரம் தோலைக் கொஞ்சம் கூடுதலாப் போடுறேன்” என்பார். அக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள். மிச்சக் கோழி கீழ் வீட்டுக்கு, அதாவது எனக்கு வரும். சேவல் கூவினால் திட்டுகிற அளவுக்கு நான் கோழி தின்று தீர்த்துவிட்டேன்.

போன வாரம் டாக்டர் அக்காவை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாராம். மறுபடியும் இறங்கியிருக்கிறது. “இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்கணும். அந்த நிலைமைக்கு வராதீங்கம்மா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அத்தான் அன்று கடையைத் திறக்கவே இல்லை. ஆரஞ்சு வாங்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேலே ஏறிப் போனபோது அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவர் இடுக்கியோடு கோழிமேல் குனிந்திருந்தார்.

“இன்னைக்கு ஏதாவது ஒண்ணைச் சொல்லிடப் போறேன்டி” என்றாள் அக்கா மெதுவாக.

“என்னத்தைச் சொல்லப் போறே?”

“வாசம் தெரியுதுன்னு. அவர் முகத்தை என்னால பாக்க முடியல. டாக்டர் சொன்னதிலிருந்து தூங்கவே இல்ல மனுஷன். ஒரு வாரமாவது நிம்மதியா இருக்கட்டும்.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பொய் சொன்னால் வயிறு நிறையுமா? ஆனால் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

கோழி அன்றைக்கு நன்றாகத்தான் வந்திருந்தது. தோல் பொன்னாகி, அங்கங்கே உப்பி, பளபளவென்று இருந்தது. காரட் வழக்கம்போல விளிம்பில் கருகியிருந்தது. நான் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அத்தான் நூல் கட்டிய காலைத் திருகி எடுத்து, அதிலிருந்து ஒரு துண்டை அரிந்து அக்காவுக்கு நீட்டினார். அவள் மென்றாள். பிறகு அவர் திரும்பி, மறுபடியும் அதே நூல் கட்டிய காலிலிருந்து இன்னொரு துண்டை அரிந்தார். எனக்குத் திக்கென்றது.

அது அவருடைய கடைத் தந்திரம். கண் பரிசோதனையில் சிலர் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் அத்தான் வில்லையைக் கழற்றுவது போலக் கழற்றி, அதே வில்லையை மறுபடி போட்டு, “இப்ப?” என்பார். “ஆகா, இப்பதான் தெளிவா இருக்கு” என்று சொன்னால் ஆள் அகப்பட்டுக்கொண்டார். இதை எத்தனையோ முறை பெருமையாக எங்களிடமே சொல்லியிருக்கிறார். படியில் நாங்கள் பேசியது காதில் விழுந்ததா, அல்லது அக்கா மேஜைக்கு வந்தபோது முகத்தில் ஒட்டவைத்திருந்த சிரிப்பைப் பார்த்தாரா, தெரியவில்லை. அக்காவின் காலை மிதிக்கலாம் என்று மேஜைக்கு அடியில் தேடினேன். மேஜைக் கால்தான் அகப்பட்டது. அதற்குள் அவள் இரண்டாவது துண்டையும் மென்றுவிட்டாள்.

“முதல்ல கொடுத்ததா, இப்பக் கொடுத்ததா?”

“இப்பக் கொடுத்தது!” என்றாள் அக்கா. குரலில் அவ்வளவு உற்சாகம். “ஆரஞ்சு வாசம் லேசா வருதுங்க. நிஜமா.”

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஆசையாகச் சொல்கிறாள், சரி என்று தலையாட்டிவிட்டுப் போவதில் என்ன குறைந்துவிடும்? இவர் விடுவாரா?

“ரெண்டும் எலுமிச்சைதான், டீச்சர்” என்றார். “ஒரே கால்லதான் வெட்டினேன்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வகுப்பில் சத்தம் போட்டு நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்டதில்லை.

“ஆமா, பொய்தான் சொன்னேன். என்ன இப்ப? ஞாயித்துக்கிழமை ஆனா என்னைக் கூப்பிட்டு உட்காரவச்சுப் பரீட்சை வைக்கிறீங்க. ஒவ்வொரு வாரமும் நான் ஃபெயில். எல்லாரும் சாப்பிட உட்கார்ற மேஜையில நான் மட்டும் பதில் சொல்ல உட்கார்றேன். ஒரு வாய் வச்சதும் என்ன கேப்பீங்களோன்னு தொண்டை அடைச்சுக்குது. முழுங்க முடியலங்க. மூக்கு போனதுகூட எனக்குப் பழகிருச்சு. நீங்க கேக்கிறதுதான் இன்னும் பழகல.”

“நீ சாப்பிடணும்னுதானே நான்...”

“சாப்பிடணும்னா சாப்பிட விடுங்க!”

அத்தான் நின்றார். கையில் முள்கரண்டி, கரண்டியில் அடுத்துக் கொடுக்க எடுத்த துண்டு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. கூடவே பாவமாகவும் இருந்தது. நாற்காலியை இழுத்துக் காட்டி, “உட்காருங்க அத்தான்” என்றேன். உட்கார்ந்தார். வாட்டிய கோழிக்கு முன்னால் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்க்கிறேன்.

பேச்சு இல்லாவிட்டால் கைக்கு வேலை வேண்டும். அவர் தன் தட்டில் ஒரு நெஞ்சுத் துண்டை வைத்துக்கொண்டு, மேலிருந்த தோலைக் கையால் பிய்த்து வாயில் போட்டார். நன்றாகச் சிவந்து உலர்ந்திருந்த தோல். கடித்ததும் அந்த அமைதியில் படாரென்று சத்தம் கேட்டது. அவருக்கே சங்கடமாகிவிட்டது. வாயை மூடி மெதுவாக மெல்லப் பார்த்தார். முடியவில்லை. நறுக் நறுக்கென்று அறை முழுக்கக் கேட்டது.

அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, அவர் தட்டிலிருந்த மிச்சத் தோலை எடுத்துக் கடித்தாள். நறுக். மென்றாள். ஜன்னலைப் பார்க்கவில்லை. இன்னொரு துணுக்கு எடுத்தாள், அதையும் கடித்தாள். அவருடைய தட்டில் தோல் தீர்ந்ததும், கோழியைப் பார்த்தாள்.

அத்தானுக்கு உதடு துடிப்பதை நான் பார்த்தேன். கேள்வி தொண்டைக்கு வந்து, பல்லுக்கு வந்து, இதோ விழப்போகிறது. இந்த மனிதர் இப்போது மட்டும் வாயைத் திறந்தால் இந்தக் கோழியாலேயே அடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோழியைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு பக்கத்துத் தோலையும் எலுமிச்சை எது, ஆரஞ்சு எது என்று பாராமல் உரித்து, ஒரே தட்டில் குவித்து அக்காவின் முன்னால் நகர்த்தினார். நகர்த்திய வேகத்திலேயே, வேகாத டர்னிப்பில் இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, தன் வாய் நிறைய அடைத்துக்கொண்டார்.