குற்றாலத்துக்குப் போய் ஹார்ட் டிஸ்க் வாங்கியது

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் செங்கோட்டை ரயில் என்னைத் தென்காசியில் இறக்கிவிட்டது. சாரல் முகத்தில் அடித்தது. சென்னை வெயிலில் வெந்த உடம்பை இரண்டு நாள் அருவியில் நனைக்க வேண்டும், வயிறு முட்டத் தின்ன வேண்டும், தூங்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் குற்றாலத்துக்கு முந்நூறு கேட்டார். ஐந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு முந்நூறா என்று நான் முறைத்துக்கொண்டிருந்தபோது கோமதி போன் செய்தாள்.

"ஏட்டி, குத்தாலத்துக்குப் போவாத. பஸ் ஸ்டாண்டுக்கு வா. என் லேப்டாப் சாவக் கெடக்கு."

கோமதி கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவள். வீடு குற்றாலத்தில். ஆய்க்குடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து பிசியோதெரபி பார்க்கிறாள். பஸ் ஸ்டாண்டில் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவள் மாதிரி லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"கடக்கு கடக்குன்னு சத்தம் வருது. எதைத் தொறந்தாலும் நின்னு போவுது. நாளைக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி வாராவ. அதுக்குள்ள அவிய மொத நாள் வீடியோ எனக்கு வேணும்."

சுடலைமுத்து பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். லாரியிலிருந்து விழுந்ததில் வலது காலின் நரம்பு அடிபட்டு, பாதம் தொங்கிவிட்டது. மூன்று மாதமாகப் பயிற்சிக்கு வருகிறார். கால் தேறி வருகிறது என்று கோமதி சொல்வதை அவர் நம்பவில்லை. சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் நிறுத்தினால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்பது கோமதியின் பயம். முதல் நாள் நடையையும் இன்றைய நடையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்ட நினைத்திருந்தாள். போனில் இடமில்லை என்று அந்த வீடியோவை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு போனில் அழித்திருந்தாள். வேறு பிரதி கிடையாது.

"பென் டிரைவ்ல போட்டு வைக்கக் கூடாதா?" என்றேன்.

"போடணும் போடணும்னுதான் இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். லேப்டாப்பைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இது உள்ள தட்டு சுத்துத டிஸ்க்கு. ஓடும்போது ஆட்டம் குடுத்தா தாங்காது. இத எப்படிக் கொண்டுபோறீய?"

"மினி பஸ்லதான். ஆனா பத்திரமாப் போவும். டிரைவர் அண்ணன் இதைக் கூட்டத்துல நசுங்க விடமாட்டாவ. 'டாக்டரம்மா, பையக் குடுங்க'ன்னு வாங்கி, பக்கத்துல இஞ்சின் பெட்டிமேல வச்சுக்கிடுவாவ."

"ஆஃப் பண்ணிட்டா குடுப்பீய?"

கோமதி தயங்கினாள். "ஆன் ஆவவே பத்து நிமிஷம் ஆவுது. அதான் மூடினாலும் ஓடுத மாதிரி வச்சிருக்கேன்."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த மினி பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்தில் ரெக்சின் போர்த்திய இஞ்சின் பெட்டி இருக்கும். பூக்கூடை, பள்ளிக்கூடப் பை, பால் கேன் எல்லாம் அதன்மேல் ஏறும். டிரைவர் யாரை ரொம்ப மதிக்கிறாரோ அவர் பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அந்த மரியாதையில் இந்த டிஸ்க் இரண்டு வருஷமாகச் சூட்டிலும் அதிர்விலும் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறது. யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டுமே சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி. ஒன்று, பெயரே கேள்விப்படாத கம்பெனி, ஒரு டெராபைட், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இன்னொன்று ஊரறிந்த கம்பெனி, அதில் பாதி இடம், மூவாயிரத்துத் தொள்ளாயிரம். கோமதியின் கை முதல் பெட்டிக்குப் போனது.

"இடம் நெறைய வேணும்லா?"

"இப்ப எவ்வளவு வச்சிருக்க?"

"இருநூறு ஜிபி வராது."

"அப்புறம் எதுக்கு?" என்றேன். கடைக்காரரிடம் அந்த முதல் பெட்டியைக் காட்டி, "இது கெட்டுப்போனா யாரு மாத்தித் தருவாங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "நான்தான் தரணும். கம்பெனி எங்கன இருக்குன்னு எனக்கே தெரியாது. சிலதுல ஒரு டெராபைட்னு காட்டும், பாதி ரொம்பினதும் பழசு மேலயே எழுதிரும். கொறஞ்ச வெலயில கேக்காவன்னு வச்சிருக்கேன். திரும்பி வந்து ஏசுததும் இத வாங்கினவியதான்."

இரண்டாவதை எடுத்தோம். சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். பெட்டிமேல் இருந்த எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷ வாரண்டி இருந்தது. கோமதியின் லேப்டாப்பில் அது பொருந்துமா என்று பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே காசு கொடுத்தோம். "எந்த டிஸ்க்கையும் முழுசா நம்பாதீய. ரெண்டு எடத்துல வைங்க" என்று கடைக்காரர் சொன்னதால் ஒரு பென் டிரைவும் வாங்கினாள்.

கடைக்காரர் பழைய டிஸ்க்கை ஒயரால் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, முதலில் சுடலைமுத்துவின் வீடியோவைத்தான் இழுத்தார். பாதியில் திணறி நின்றது. அதை விட்டுவிட்டு மற்ற நோயாளிகளுடையதை ஒவ்வொன்றாக எடுத்தார். வெளியே மழை வலுத்தது. நாலு மணிக்கு மறுபடி அந்த வீடியோவுக்குத் திரும்பியபோது டிஸ்க்கில் சத்தமே இல்லை.

"சென்னைக்கு அனுப்பிப் பாக்கலாம். ஆனா கெடைக்கும்னு சொல்ல முடியாது. நாளைக்குன்னா சத்தியமா நடக்காது" என்றார் கடைக்காரர். கோமதி படியிறங்கும்போதே அழுதாள். எனக்கும் மனசு கனத்தது. ஒரே ஒரு வீடியோ தவிர எல்லாம் வந்துவிட்டது என்று தேற்ற முடியவில்லை, அந்த ஒன்றுக்குத்தானே வந்தோம்.

சனிக்கிழமை காலை அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. நானும் அவளோடு ஆய்க்குடிக்கு மினி பஸ் ஏறினேன். டிரைவர் வழக்கம்போல் பைக்குக் கை நீட்டினார். "இன்னைக்கு மடியிலயே இருக்கட்டும்ண்ணே" என்றாள் கோமதி. அவர் முகம் வாடிவிட்டது. அவளுக்குத் தாங்கவில்லை. டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினாள். அதை வாங்கிப் பெட்டிமேல் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் கியரைப் போட்டார்.

சுடலைமுத்து மனைவி இசக்கியம்மாளோடு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். கோமதி விஷயத்தை மறைக்காமல் சொன்னாள்.

"போனாப் போவுது தாயி" என்றார் அவர். "இருந்தாலும் என்னத்தக் காட்டிரும்? அன்னைக்கும் இழுத்தேன், இன்னைக்கும் இழுக்கேன்."

இசக்கியம்மாளுக்குக் கோபம் வந்தது. "அன்னைக்கா? அன்னைக்கு எப்படி வந்தியன்னு நான்லா பாத்தேன்."

"இப்படித்தான வந்தேன்" என்று எழுந்து அறையில் நடந்து காட்டினார்.

"பொய். செவத்தப் புடிச்சிய."

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"பெருவெரலு தரையத் தேச்சுது. செருப்பு கழண்டு கழண்டு விழுந்துச்சு. நான்லா பொறக்கிக்கிட்டு வந்தேன்!"

அவர் பெருவிரலைத் தரையில் தேய்க்கப் பார்த்தார். பாதம் தானாக மேலே தூக்கிக்கொண்டது. காலை உதறி மறுபடி இழுத்தார். மறுபடியும் தூக்கியது. செருப்பு காலிலேயே இருந்தது. இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

சுடலைமுத்து சுவரிலிருந்து கையை எடுத்தார். குனிந்து தன் காலையே பார்த்தார்.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு வரணும் தாயி?" என்றார்.