பதினேழாம் நிரை, நான்காம் மரம்

இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். லூனாசில் தொழிற்சாலை, கோலா கெடாவில் மீன் கூடை, நடுவில் கொஞ்ச நாள் பட்டினி என்று சுற்றிவிட்டு, சுங்கை லாலாங் பக்கம் பாமாயில் தருகிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் விஞ்ஞானத்துக்கு வேலை செய்யப் போனேன். தராசு தூக்குகிற விஞ்ஞானம்.

முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் புது உரம் ஒன்றைச் சோதித்தார். தோட்டத்தின் ஒரு பகுதிக்குப் புது உரம், பக்கத்துப் பகுதிக்குப் பழையது. எந்த நிரையில் எந்த மரம் என்று கணினி குலுக்கிப்போட்ட பட்டியலை என்னிடம் கொடுத்தார். அந்த மரங்களின் குலைகளை மட்டும் எடை போட்டு எழுத வேண்டும்.

கணினிக்கு அட்டைக்கடி தெரியாது. இரண்டு பகுதியிலும் பாதி மரங்கள் சதுப்பில் இருந்தன. முழங்கால் சேறு, ஒருமுறை பாம்பு. நான் பாதையோர மரங்களின் குலைகளை எடை போட்டு, பட்டியல் எண்களுக்கு நேரே எழுதினேன். இரண்டு பகுதியிலும் ஒரே மாதிரி ஏமாற்றினேன். பாரபட்சம் பார்க்கவில்லை.

எட்டு மாதத்தில் புது உரம் அபாரமாக ஜெயித்தது. அவர் மாமாக் சாப்பாட்டுக் கடையில் எனக்கு மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் வாங்கித் தந்தார். அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுப்பதாகச் சொன்னார். அதற்குமுன், அதிக எடை தந்த மரத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பதினேழாம் நிரை, நான்காம் மரம். நான் மீ கோரெங் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலணியைக் கையில் பிடித்தபடி சேற்றில் இறங்கினார். அந்த மரம் மஞ்சள் மட்டைகளோடு, காய்ச்சலில் எழுந்து வந்தவன் போல நின்றது. ஒரு குலைகூட இல்லை.

"அண்ணே, இந்த மரத்துக்கிட்ட எப்ப வந்தீங்க?"

"இப்பதாம்மா."

நான் எடை போட்ட மரங்களைக் காட்டப் பாதைக்கு அழைத்துப் போனேன். புது உரப் பகுதியின் ஓரம் முழுக்க மாடுகள் படுத்திருந்தன. வருடக்கணக்காக மத்தியானத்தில் அவற்றைக் கட்டுகிற இடம் அதுதான் என்றார் மாட்டுக்காரர். பழைய உரத்தின் பக்கம் ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை.

"அப்ப எட்டு மாசமா நான் சாணியத்தான் ஆராய்ச்சி பண்ணிருக்கேன்."

"பட்டத்துல என் மாட்டு பேரையும் போட்டுடுங்க லா," என்றார் மாட்டுக்காரர்.

ஆராய்ச்சிப் பெண் சிரிக்கவில்லை. நான் மெதுவாக யோசனை சொன்னேன்: நம் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது, ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்.

"இத நம்பி ஒருத்தன் உரம் வாங்கிப் போடுவான். அவன்கிட்ட மாடு இருக்காது, அண்ணே."

எட்டு மாதமும் குப்பைக்குப் போனது. என்னை விரட்டுவார் என்று துணிமணியைக்கூட மூட்டை கட்டிவிட்டேன். விரட்டவில்லை. பட்டியலோடு அவர் முன்னே நடக்க, தராசோடு நான் பின்னே. இன்னும் எட்டு மாதம் அட்டைகள் இருவரையும் சமமாகக் கடித்தன. கடைசியில் இரண்டு உரத்துக்கும் வித்தியாசமே இல்லை. பழைய உரம் அதிக எடை தந்த மாதங்களை மட்டும் விட்டுவிடலாமே என்று அவருடைய பேராசிரியர் கேட்டாராம். இவர் மறுத்துவிட்டார்.

பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கட்டம் கட்டமாக எண்கள். ஒரே ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். பதினேழாம் நிரை, நான்காம் மரம்: பூஜ்யம்.