நாலரையும் ரெண்டே காலும்

எங்கள் அஞ்செட்டிப் பக்கம் ராகியை வள்ளத்தால் அளப்போம், புளியைத் தராசில் நிறுப்போம். மாட்டை நிறுப்பதில்லை, முதுகைத் தட்டிப் பார்த்தே விலை சொல்லிவிடுவார்கள். மனுஷனை நிறுக்கிற பேச்சே கிடையாது. என் எடை எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. மகள் பிறந்தபோது நாலரை இருந்தாள் என்பது மட்டும் மறக்கவில்லை.

எழுபதுகளில் ஓசூரில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் கட்டட வேலைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில்தான் குறைமாதத்தில் பிறந்தாள். நர்ஸம்மா அவளை வெள்ளைக்காரன் காலத்து மெஷினில் கிடத்தி முள்ளைப் பார்த்தார்.

"நாலரை. இதுக்குக் கீழ எறங்குச்சுன்னா ஒடனே தூக்கிட்டு வந்துடணும். வீட்ல வெச்சிக்கினு வேடிக்கை பாக்காத."

ஊருக்கு வந்த பிறகும் அந்த நாலரைதான் தலைக்குள் சுற்றியது. பிள்ளை அழுதால் பயம். அழாமல் கிடந்தால் அதைவிடப் பயம். நெஞ்செலும்பு நேற்றைவிடத் துருத்துகிறதோ என்று துணியை விலக்கி விலக்கிப் பார்ப்பேன். தாங்காமல் ஒரு காலையில் புளி மண்டிக்குத் தூக்கிப்போனேன். சம்சாரம் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"புள்ளய தராசுல ஏத்தறதா? அது என்னா புளியா? ஆயுசு கொறஞ்சுடும்யா!"

மண்டிக்காரர் அவளுக்கு மாமன் முறை. "நான் என்னா வெல வெச்சி விக்கவா போறன்மா? நீ குடுடா" என்று என்னிடமிருந்து வாங்கி, ஒரு தட்டில் முறத்தோடு பிள்ளையை வைத்தார். மறுதட்டில் அதே மாதிரி ஒரு முறம், அதன்மேல் எடைக்கல்.

"ரெண்டே கால்."

"சரியா பாருங்க மாமா" என்றேன்.

"எத்தினி வாட்டி பாத்தாலும் ரெண்டே காலுதான்டா."

பாதிப் பிள்ளை போய்விட்டது. கைகால் அப்படியேதான் இருந்தன. உள்ளுக்குள் கரைகிறாள் என்று நினைத்தேன். "நீ ஏத்துன, அது போச்சு" என்றாள் சம்சாரம்.

எங்கள் பக்கம் பஸ் எப்போதோ ஒன்றுதான். ஓசூருக்குக் கிடைத்ததில் ஏறினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் உயிர் போய் வந்தது. பக்கத்து சீட்டுக் கன்னடக்காரம்மா எட்டிப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று அவர் பாஷையில் சொன்னார். கண் பட்டுவிடும் என்று சம்சாரம் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அதே நர்ஸம்மா, அதே மெஷின்.

"அஞ்சு. ஏறித்தான இருக்குது? எதுக்கு எழவு வீட்டுக்கு வந்தாப்ல நிக்கறீங்க?"

மண்டியில் நிறுத்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது கிலோய்யா. இது பவுண்டு. டீத்தூள் ராத்தல்ல விப்பாங்களே, அந்தக் கணக்கு. ஒரு கிலோவுக்கு ரெண்டுக்கு மேல வரும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் ரெண்டே கால், மத்தியானம் அஞ்சா? மெஷின் கெட்டுப்போயிருந்தால்? நான் முழிப்பதைப் பார்த்து, அவர் தன் பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"கடையில வாங்குன ஒரு கிலோ. நீயே பாரு."

முள் ரெண்டைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது.

"அப்போ கொறையலியா?" என்றாள் சம்சாரம்.

"கொறையலம்மா."

அங்கேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "இன்னொரு வாட்டி நிறுப்பியா?"

"மாட்டன்" என்றேன். ஆனாலும் ஊர் வந்து சேரும்வரை என் விரல் பிள்ளையின் மூக்கடியில்தான் இருந்தது. படுவது அவள் மூச்சா, ஜன்னல் காற்றா என்று தெரியாமல், கையை எடுக்கவே பயமாக இருந்தது.