வலிக்காது என்று சொல்லாத அறை

வாய்வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையை அந்த ஊருக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் பெரிய டாக்டர். அவரிடம் நர்ஸாக ஆயுசில் பாதியைக் கழித்தவர் சிஸ்டர்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியிடம், "வலிக்காதுங்க, ஒண்ணுமே தெரியாது" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார் சிஸ்டர். அதைக் கேட்ட பெரிய டாக்டர் மறுநாள் தானே மேசையில் படுத்து, உதவி டாக்டரிடம் குழாயை இறக்கச் சொன்னார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட எழுந்து உட்கார்ந்து, "இப்ப சொல்லும்மா, வலிக்காதா?" என்றார். அன்றிலிருந்து அந்த அறையில் ஒரே பேச்சுதான்: "கஷ்டமாத்தான் இருக்கும். கையை விடமாட்டேன்." வெடவெடத்து வந்தவர்கள்கூட அதைக் கேட்டதும் அடங்கிப் படுத்தார்கள்.

பெரிய டாக்டர் காலமானார். சிஸ்டரும் ஓய்வு பெற்றார். அப்புறம் அவருக்கே மேல்வயிற்றில் வலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு துரும்பாக இளைத்தது. புற்றுநோயாக இருக்குமோ என்று உள்ளுக்குள் கிலி. ஆனாலும் சாக்குப்போக்குச் சொல்லியே நாளைக் கடத்தினார். கடைசியில் கணவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அதே அறைக்குக் கூட்டிவந்தார்.

"ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவ நீ!"

"அவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாது. எனக்குத் தெரியுமே!"

மேசையில் படுத்ததும் இருந்த வீறாப்பும் போய்விட்டது. பெரிய டாக்டரிடம் படித்து, இப்போது அவர் இடத்தில் இருக்கும் சின்ன டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், எனக்காக ஒரே ஒரு தடவை... வலிக்காதுன்னு சொல்லுங்களேன்."

சின்ன டாக்டர் நெளிந்தார். சொல்லிவிட்டால் என்ன குடிமுழுகியா போய்விடும்? பாவம், வாய்வரைக்கும் வந்தும் அவருக்குச் சொல்ல வரவில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கும், சிஸ்டர். கையை விடமாட்டோம்" என்று பக்கத்திலிருந்த நர்ஸின் கையை எடுத்து சிஸ்டரின் கையில் வைத்தார்.

கஷ்டமாகத்தான் இருந்தது. சிஸ்டர் மனசுக்குள் பெரிய டாக்டரைக்கூட ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். குழாய் வெளியே வந்தபோது அந்த நர்ஸின் விரல்கள் கன்றிச் சிவந்திருந்தன.

சின்ன டாக்டர் முகமூடியை இறக்கினார்.

"புண்ணுதான், சிஸ்டர். மருந்துல ஆறிடும். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

இதையே வேறு எங்காவது கேட்டிருந்தால், ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று வீடுவரைக்கும் அழுதுகொண்டே போயிருப்பார். சொன்னது இந்த அறை. அதனால் அப்படியே நம்பினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் கணவரிடம் முதலில் சொன்னது, "பசிக்குதுங்க."